சாமி பார்க்க ஆடிய கூத்து

கொங்கு நாட்டில் ராஜா இல்லை. ஆகையால் நாடகமும் இல்லை என்று சிலர் மிகச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தஞ்சாவூரில் சோழர் இருந்தார்கள். பிறகு நாயக்கர், அதற்குப் பிறகு மராட்டியர். ஆகவே அங்கே ஆட்டமும் பாட்டும் செழித்தன. மதுரைக்கும் நெல்லைக்கும் கூட இப்படி ஒரு காரணம் சொல்லிவிடலாம். கோயமுத்தூருக்கு என்ன இருந்தது? வானம் பார்த்த காடும், பாதாளத்தை எட்டுகிற கிணறும், கவலை இழுக்கிற மாடும், பருத்திச் செடியும் இருந்தன. பருத்திக் காட்டில் நாட்டியம் முளைக்குமா என்று கேட்கிறார்கள்.

எங்கள் சரவணம்பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவை நகரின் வடகோடியில், சத்தியமங்கலம் சாலையில் இருக்கிறது. இன்றைக்கு அந்தச் சாலையில் போகிறவர்களுக்குக் கண்ணில் படுவது கணினிக் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள்தாம். ஆனால் புலவர்கள் இந்த ஊருக்குச் 'சிரவை' என்று செல்லமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்துச் சின்னவேடம்பட்டியில் இருக்கும் கௌமார மடாலயத்துக்குச் சிரவை ஆதீனம் என்றே பெயர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த மடத்தில் இருந்த கந்தசாமி சுவாமிகள் முருகன் மேலும் கொங்கு நாட்டுத் தலங்கள் மேலும் பிரபந்தம் பிரபந்தமாகப் பாடித் தள்ளினார். ஒரு ராஜாவும் இங்கே வந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தியதில்லை. அப்படியானால், ராஜா இல்லாத இடத்தில் பாட்டும் கூத்தும் எதை நம்பிப் பிழைத்தன?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் கொங்கு நாட்டோடு நின்றுவிட முடியாது. கூத்தாடினவன் யார், அவனுக்கு நெல் அளந்தவர் யார், அவன் யாரைப் பார்த்து ஆடினான் என்ற மூன்றையும் தமிழ்நாடு முழுவதும் விசாரித்துவிட்டுத்தான் திரும்பி வரவேண்டும். நெல் அளந்தவரும், கூத்தனின் கண் போய் நின்ற இடமும் ஒன்றல்ல என்பதுதான் இந்த விசாரணையில் கிடைக்கும் ருசிகரமான சங்கதி.

முதலில் ராஜா இருந்த இடத்துக்கே போவோம். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன் அந்தக் கோயிலுக்கு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியேற்றினான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு. வருஷத்துக்கு நூறு கலம் நெல். அவன் பேரன் இரண்டாம் ராஜேந்திரனுடைய ஆறாம் ஆட்சியாண்டில் அதே கோயிலில் இன்னொரு கல்வெட்டு பொறிக்கப்பட்டது. வைகாசித் திருவிழாவில் ராஜராஜேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுக்கு நூற்றிருபது கலம் நெல் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கூத்தனின் பெயர் திருவாலன் திருமுதுகுன்றன். அவனுக்கு விஜயராஜேந்திர ஆசாரியன் என்ற பட்டப் பெயரும் உண்டு. ராஜாவின் பெயரையே எடுத்துக் கூத்தனுக்குச் சூட்டியிருக்கிறார்கள். எத்தனை பெரிய கௌரவம்!

ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. நெல்லின் கணக்கு கல்லில் அப்படியே நிற்கிறது. நாடகத்தில் ஒரு வரி கூட நம் கைக்கு வரவில்லை. தர்மம் செய்தவன் கல்லில் எழுதி வைத்துக்கொண்டான். கூத்தாடினவன் காற்றில் எழுதினான். கலைகளின் சரித்திரத்தில் இது அடிக்கடி நடக்கிற காரியம்.

பிற்காலத்தில் நிலைமை கொஞ்சம் மாறியது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பிறந்த பள்ளு, குறவஞ்சி என்ற இரண்டு வகை நாடகங்கள் ஏட்டில் ஏறித் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தக் காலத்தையொட்டி உலகத்தின் மறுகோடியில் கூத்தாடிகளின் கதி என்ன என்று ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். ஒப்பிட்டால்தான் நம்முடைய வழியின் விசேஷம் புலப்படும்.

இங்கிலாந்திலும் நாடகம் கோயில் திருவிழாவோடுதான் வளர்ந்தது. வேதாகமக் கதைகளை ஊர்த் தொழிலாளர் சங்கங்கள் வண்டிகளில் வைத்துத் தெருத்தெருவாக நடித்துக் காட்டின. மதச் சீர்திருத்தம் வந்த பிறகு அவற்றுக்கு அரசாங்கத்தின் கோபம் கிட்டியது. யார்க் நகரத்தில் அந்தத் திருவிழா நாடகம் 1569-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. பிறகு 1572-ல் ஒரு சட்டம் வந்தது. பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாமல் ஊர் சுற்றும் நடிகன் நாடோடி என்று தண்டிக்கப்படுவான் என்பது அதன் சாரம். அதனால் நடிகர்கள் பிரபுக்களின் வேலைக்காரர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு, அவர்களுடைய சின்னம் தைத்த சட்டையையும் போட்டுக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியர் இருந்த குழு 1594 முதல் ஒரு பிரபுவின் ஆட்கள் என்றும், 1603 முதல் ராஜாவின் ஆட்கள் என்றும் அழைக்கப்பட்டது. 1606-ல் இன்னொரு சட்டம்: மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகச் சொன்னால் பத்துப் பவுன் அபராதம்! கடைசியில் 1642-ல் பார்லிமெண்டு நாடகக் கொட்டகைகளையே இழுத்து மூடிவிட்டது.

ஆக, அங்கே கடவுளை மேடையிலிருந்து சட்டம் போட்டு இறக்கிவிட்டார்கள். மிஞ்சியது பிரபுவின் சட்டை. நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. கடவுள் மேடையைவிட்டு இறங்கவே இல்லை. பல சமயங்களில் கதாநாயகரே அவர்தான். திருவிழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறவரும் அவர்தான். நெல் அளக்கிற பிரபு இரண்டாம் வரிசைக்குப் போய்விடுகிறார். இதனால் கூத்தனுக்குக் கிடைத்த லாபம் என்ன தெரியுமா? பிரபுவைக் கிண்டல் செய்கிற துணிச்சல்.

முக்கூடற் பள்ளைப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையில் ஆறுகள் கூடும் முக்கூடல் என்ற ஊரில் அழகர் கோயில் கொண்டிருக்கிறார். அவருடைய பண்ணையில் உழுகிற பள்ளனுக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் முக்கூடல்காரி, பெருமாள் பக்தை. இளையவள் மருதூர்க்காரி, சிவ பக்தை. இரண்டு பேரும் சக்களத்திச் சண்டை போடும்போது ஒருத்தியுடைய சாமியை மற்றவள் பிய்த்து வாங்குகிறாள். ஒருத்தி சிவன் பிச்சையெடுத்த கதையை இழுத்தால், மற்றவள் பெருமாளின் பழைய கதைகளைக் கிளறுகிறாள். பண்டிதர்கள் மேடை போட்டுத் தர்க்கம் செய்து தீராத சைவ வைணவச் சண்டையை, வயல் வரப்பில் நின்று இரண்டு பெண்கள் குழாயடிச் சண்டையாக்கிவிட்டார்கள். கடைசியில் இருவரும் சமாதானமாகிறார்கள். அந்தக் காலத்து ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். சிரித்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு நாமத்தையோ விபூதியையோ பார்த்து முறைத்திருக்க மாட்டார்கள் என்று நம்பலாம்.

அதே நாடகத்தில் பண்ணைக்காரன் ஒருவன் வருகிறான். நிலத்தை மேற்பார்வை செய்கிறவன். பள்ளனைத் தொழுவில் மாட்டுகிற அதிகாரம் படைத்தவன். நிஜ வாழ்க்கையில் இவனைக் கண்டால் குடிகள் தோளிலிருந்த துணியை இடுப்பில் கட்டுவார்கள். மேடையிலோ இவன் வரும்போதே சிரிப்பு. இவன் உருவமும் நடையும் பரிகாசத்துக்கு ஆளாகின்றன. இப்படி ஒரு வேஷத்தை நாலு பெரிய பண்ணையார்கள் உட்கார்ந்திருக்கிற சபையில் எப்படி ஆட முடிந்தது? ஆடினது அழகர் சன்னிதியில். நிலம் அழகருடையது. அழகருக்கு முன்னால் பண்ணையாரும் ஒரு வேலைக்காரர்தான். வேலைக்காரனைக் கேலி செய்வதற்கு முதலாளி அனுமதித்தால் யார் ஆட்சேபிப்பது?

குறவஞ்சி இன்னும் நுட்பமான தந்திரம். திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி என்ற பெண் குற்றாலநாதர் மேல் காதல் கொள்கிறாள். குறத்தி வந்து குறி சொல்கிறாள். பரிசு பெற்றுக்கொண்டு போகிறாள். அவளைத் தேடி அலைகிற குறவன் சிங்கன், கண்டுபிடித்ததும் அவள் உடம்பில் இருக்கிற நகை ஒவ்வொன்றையும் சுட்டிக் காட்டி, இது என்ன, அது என்ன, யார் கொடுத்தார்கள் என்று சந்தேகத்தோடு கேட்கிறான். குறி சொன்னதற்குக் கிடைத்த வெகுமதி என்று அவள் ஊர் ஊராகப் பெயர் சொல்கிறாள்.

இந்தக் கட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் கவிராயர் தம்மையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டாரோ என்று எனக்குத் தோன்றும். வாய்ச்சொல்லை விற்றுப் பரிசு வாங்குகிற ஜாதி குறத்தி மட்டும்தானா? புலவரும் அதே ஜாதிதானே! மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் இந்தக் குறவஞ்சிக்குப் பரிசாகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். மேலகரத்தில் அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் வழங்கிற்று. ஆனால் நாடகத்தின் நாயகர் நாயக்கர் அல்லர், குற்றாலநாதர். நாயக்கர் நிலம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார். அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரை நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா ராஜாக்களும் அப்படி ஒதுங்கி நிற்கவில்லை. தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி 1798-ல் பட்டத்துக்கு வந்தார். மறு வருஷமே ராஜ்யத்தின் ஆட்சியைக் கும்பெனியாரிடம் ஒப்புவிக்க வேண்டியதாயிற்று. அவருக்கு மிஞ்சியது கோட்டையும் அரண்மனையும் உபகாரச் சம்பளமும்தான். நல்ல ரசிகர், படிப்பாளி. சரஸ்வதி மகால் நூல் நிலையத்தை வளர்த்த புண்ணியவான். அவர் மீது கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். ஆடப்பட்ட இடமோ பெரிய கோயில், திருவிழாச் சமயம். கதாநாயகி காதலிப்பது யாரை? பிரகதீசுவரரை அல்ல, சரபோஜி மகாராஜாவை!

பாட்டுக்கள் இனிமையானவைதாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாமி இருந்த நாற்காலியில் ராஜா வந்து உட்கார்ந்த உடனே கேலி பயந்துபோய்விடுகிறது. சாமியின் பிச்சை ஓட்டைப் பற்றிக் கேலி பேசலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ராஜாவின் உபகாரச் சம்பளத்தைப் பற்றி யாராவது வாய் திறக்க முடியுமா? ராஜ்யம் இல்லாத ராஜாவை மேடையில் சக்கரவர்த்தியாக்கிப் பார்த்தபோது, பார்த்தவர்களில் சிலருக்குக் கண் கலங்கியும் இருக்கலாம். அந்தச் சோகத்தை வெளிப்படையாகச் சொல்ல நாடகத்துக்கு இடம் இல்லை.

ராஜாக்கள் போனார்கள்; புதுப் பிரபுக்கள் வந்தார்கள். சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) ராம நாடகக் கீர்த்தனைகளை ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றினார். அவரை ஆதரித்தவர்களில் சென்னையைச் சேர்ந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார் முக்கியமானவர். அவர் கும்பெனி கவர்னரின் துபாஷி. அதாவது இரண்டு பாஷை தெரிந்து, அதனாலேயே இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நின்று பொருள் சேர்த்தவர். பட்டாபிஷேகம் செய்துகொண்ட கை போய், கணக்கெழுதுகிற கை நெல் அளக்கத் தொடங்கியது. ஆனாலும் அரங்கேற்றம் ரங்கநாதர் சன்னிதியில்தான்.

அடுத்த நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடினார். கதாகாலட்சேபமாகப் பிறந்து, பிறகு நாடகமேடையையே பிடித்துக்கொண்ட கதை அது. பெரிய புராணத்தில் வருகிற நந்தனுக்கு எஜமானர் கிடையாது. பாரதியார்தான் வேதியர் என்ற ஒரு நிலக்காரரைப் படைத்து நடுவில் நிறுத்தினார். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிற நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தையும் அறுத்து முடித்துவிட்டுப் போ என்று அவர் சொல்கிறார். ஒரே இரவில் அதை முடித்துக் கொடுக்கச் சிவபெருமானின் பூதகணங்கள் வர வேண்டியிருந்தது.

மாயூரம், தஞ்சாவூர்ப் பக்கத்தில் அந்தக் காலத்தில் இந்தக் கதையைக் கேட்டவர்களில் எத்தனை பேர் வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்தவர்கள்! எத்தனை பேர் வீட்டில் நந்தன்கள் இருந்தார்கள்! அவர்கள் எழுந்து போய்விடவில்லை. கண்ணீர் விட்டுக் கேட்டார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குக் கூட இந்த நூலுக்குச் சிறப்புப் பாயிரம் கொடுக்க முதலில் மனமில்லை. மூலத்தில் இல்லாததைச் சேர்த்தது ஒரு காரணம். இலக்கண வழுக்கள் மற்றொன்று. பாரதியார் திண்ணையில் காத்திருந்து பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு அவர் உள்ளம் உருகி, பிறகு பாயிரம் கொடுத்தார் என்று உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். 1861-ல் அந்தப் புத்தகம் அச்சேற உதவியவர் பிரெஞ்சு அதிகாரி ஒருவர். பக்திக் கதை என்ற போர்வைக்குள் பண்ணையடிமையின் கதை பத்திரமாக ஊர் சுற்றி வந்துவிட்டது. அந்தக் கதையையே வெறும் குடியானவன் கதையாகச் சொல்லியிருந்தால் எந்த மிராசுதார் தம் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்திருப்பார்?

இனி கொங்கு நாட்டுக்குத் திரும்புவோம். சரவணம்பட்டியிலிருந்து நகரத்தைக் குறுக்காகக் கடந்து மேற்கே போனால் நொய்யல் கரையில் பேரூர். மேலைச் சிதம்பரம் என்று பெயர் பெற்ற தலம். அங்கே பதினேழாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் குடும்பத்து அளகாத்திரி நாயக்கர் கனகசபை கட்டினார். தூண்களில் ஊர்த்துவ தாண்டவம் ஆடுகிற சிவனும், யானையை உரித்த சிவனும், வீரபத்திரரும் உயிரோடு நிற்பது போல் நிற்கிறார்கள். நாயக்கருக்கு மனிதக் கூத்தன் மீது நம்பிக்கை இல்லை போலும். அழியாமல் ஆடுகிற கூத்தனையே கல்லில் நிறுத்திவிட்டார்!

ஆனால் பேரூரின் நிஜமான நாடகம் அந்தத் தூண்களில் இல்லை. அது ஒரு வயலில் நடந்ததாகச் சொல்வார்கள். சுந்தரமூர்த்தி நாயனார் பேரூருக்கு வந்தாராம். பட்டீசுவரர் அவரோடு கொஞ்சம் விளையாட நினைத்தார். பள்ளனாக வேஷம் போட்டுக்கொண்டு, பச்சைநாயகியைப் பள்ளியாக்கிக்கொண்டு, வயலில் இறங்கி நாற்று நடத் தொடங்கிவிட்டார். தாம் இருக்கும் இடத்தைச் சுந்தரரிடம் சொல்லக்கூடாது என்று நந்திக்குக் கண்டிப்பாக உத்தரவு. நந்தியோ வாயால் சொல்லாமல் ஜாடையால் காட்டிக் கொடுத்துவிட்டது. கோபம் வந்த பெருமான் கையில் இருந்த மண்வெட்டியால் அதன் முகத்தில் ஒன்று வைத்தார். கச்சியப்ப முனிவரின் பேரூர்ப் புராணத்தில் இந்தத் திருவிளையாடல் இடம்பெற்றிருக்கிறது. அதன் நினைவாக இன்றும் ஆனி மாதத்தில் பேரூரில் நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது.

எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலியில் பள்ளன் சாமிக்காக உழுதான். பேரூரில் சாமியே பள்ளனாகிவிட்டார். முழங்கால் சேற்றில் நின்று, குனிந்து நாற்று நட்டார். ராஜா இல்லாத நாட்டு ஜனங்கள் தங்கள் தெய்வத்துக்குக் கொடுத்த வேஷம் அது. அரண்மனை நாடகத்தில் ராஜா சாமியின் இடத்துக்கு ஏறினார். ஆற்றங்கரை நாடகத்தில் சாமி உழவன் இடத்துக்கு இறங்கினார்.

இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். சிவன்மலைக்கும் அலகுமலைக்கும் குறவஞ்சிகள் உண்டு. கொங்கு நாட்டில் பட்டக்காரர்கள் புலவர்களை ஆதரித்தார்கள். பழையகோட்டைச் சர்க்கரை மன்றாடியார்கள் பெயரைத் தமிழ்ப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். இவற்றையெல்லாம்விடப் பெரிய நாடகம் அண்ணன்மார் கதை. பொன்னரும் சங்கரும் தங்கை தங்காளும் வருகிற அந்தக் கதையை உடுக்கை அடித்துக்கொண்டு இரவு இரவாகப் பாடுவார்கள். கானடாவிலிருந்து வந்த மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் 1965-ல் அதை ஒலிப்பதிவு செய்துகொண்டு போய் உலகத்துக்குக் காட்டினார். வீரப்பூர்த் திருவிழாவில் படுகளம் என்று ஒரு காட்சி உண்டு. அருள் வந்தவர்கள் போர்க்களத்தில் மாண்டவர்களைப் போல விழுந்து கிடப்பார்கள், பிறகு எழுப்பப்படுவார்கள். அங்கே நடிப்பவர் யார், பார்ப்பவர் யார், கும்பிடுகிறவர் யார் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இதற்கெல்லாம் நெல் அளந்தவர் யார்? ஊர். வீட்டுக்கு வீடு வரி போட்டார்கள். கம்பும் சோளமும் கொடுத்தவர்கள் உண்டு. ஆட்டுக்கிடா கொடுத்தவர்கள் உண்டு. அந்தத் தர்மத்தைக் கல்லில் வெட்டி வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. கல்வெட்டு இல்லை என்பதால் சரித்திரமும் இல்லை என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். (கல்லில் வெட்டிக்கொள்ளாத குறையை இப்போது சேர்த்துவைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, உபயம் இன்னார் என்று அதன் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதி வெளிச்சத்தை மறைத்துவிடுகிறார்களே, அதைச் சொல்கிறேன்.)

சாமிக்கு முன்னால் ஆடியதால் கூத்தனுக்கு வந்த சுதந்திரத்தை இதுவரை பாராட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் புரட்டாமல் விட்டால் நியாயமாகாது. பள்ளனையும் பள்ளியையும் நாயகன் நாயகியாக்கிப் பாடினார்கள். அவர்கள் வயிற்றில் பிறந்தவர்களைக் கோயிலுக்குள் விடவில்லை. நந்தனுக்காகச் சபை முழுவதும் அழுதது. மறுநாள் காலையில் தன் வீட்டு நந்தன் தெருவுக்குள் வந்தால் அதட்டியது. கீர்த்தனையில்கூட நந்தன் நெருப்பில் மூழ்கி எழுந்துதானே நடராஜாவைத் தரிசிக்க முடிந்தது! மேடையில் கிடைத்த மரியாதை வாசலில் கிடைக்கவில்லை. சாமி சன்னிதியில் குறவஞ்சி ஆடிய பெண்களின் கதியும் அதுபோன்றதுதான். அவர்களைத் தெய்வத்துக்குக் கட்டிக் கொடுத்தவர்கள், தெய்வத்தின் பெயரால் பிரபுக்களின் கையில் விட்டார்கள்.

1947-ல் சென்னை மாகாணத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஆலயப் பிரவேசச் சட்டம், வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே விட்டது. தேவதாசி முறையை ஒழித்த சட்டம், உள்ளே கட்டுண்டு கிடந்தவர்களை வெளியே விட்டது. எத்தனையோ ராஜாக்கள் அளந்த நெல்லைவிட இந்த இரண்டும் பெரிய தர்மங்கள் என்று நான் நினைக்கிறேன். குறவஞ்சி அழிந்துபோயிற்றா? இல்லை. 1944-லேயே ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தில் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றியிருந்தார். கலை பிழைத்துக்கொண்டது; அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த குடும்பங்களுக்கு அந்தப் புது மேடையில் எத்தனை இடம் கிடைத்தது என்று கேட்டால்தான் மனம் சங்கடப்படுகிறது. பேரூர்ச் சாமி வேஷம் போட்டுக்கொண்ட அந்தச் சமூகத்தார் இன்று தேவேந்திரகுல வேளாளர் என்று தாங்கள் விரும்பிக் கேட்ட பெயராலேயே அழைக்கப்படுகிறார்கள். 2021-ல் பார்லிமெண்டு அதைச் சட்டமாக்கிற்று. பிறர் எழுதிக் கொடுத்த வேஷத்தைக் களைந்துவிட்டு, தமக்குப் பிடித்த பெயரைத் தாமே சூட்டிக்கொள்வதும் சரித்திரத்தில் ஒரு நல்ல காட்சிதான்.

நடுவில் டிக்கெட்டு வந்ததைச் சொல்ல மறக்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்ஸி கம்பெனிகளைப் பார்த்து நம்மவர்களும் கொட்டகை போட்டு, காசு வாங்கிக்கொண்டு நாடகம் நடத்தினார்கள். கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹால் 1914-ல் திறந்தது. முதல் வரிசை சாமிக்கு என்ற ஏற்பாடு கொட்டகையில் கிடையாது; அதிகக் காசு கொடுத்தவருக்கு முதல் வரிசை. அதே சமயம் சர்க்காரும் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. 1876-ல் செய்த நாடகச் சட்டத்தின்படி, ராஜத்துரோகம் என்று தோன்றுகிற நாடகத்தைத் தடை செய்யலாம்.

அப்போது நடிகன் எங்கே போய் ஒளிந்துகொண்டான்? பழைய இடத்திலேதான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணத்தில் முருகன் வேஷம் போட்டு ஆடியவர் எஸ். எஸ். விசுவநாத தாஸ். மயிலோடு வந்து நின்று, வள்ளிக்குப் பாடவேண்டிய நேரத்தில் வெள்ளைக்காரனைக் கொக்காக்கிக் கேலி செய்து பாடுவார். போலீசார் பல முறை கைது செய்தார்கள். அவரும் பல முறை விடுதலையாகி வந்து மறுபடியும் பாடினார். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி, சென்னையில் அதே வள்ளி திருமணத்தில், முருகனாக மேடையில் அமர்ந்திருந்தபோதே உயிர் பிரிந்தது. முக்கூடலில் பண்ணைக்காரனைக் கேலி செய்ய அழகர் கொடுத்த தைரியத்தை, வெள்ளைக்காரனைக் கேலி செய்ய முருகன் கொடுத்தார். சர்க்காரின் சட்டத்தில் ராஜத்துரோகத்துக்குத் தண்டனை உண்டு. முருகன் பாடினால் என்ன செய்வது என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை.

விசேஷம் என்னவென்றால், டிக்கெட்டுக்குப் பிறந்த அந்த வள்ளி திருமணம் இன்று டிக்கெட்டு இல்லாமல்தான் உயிரோடு இருக்கிறது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் அம்மன் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய அந்த நாடகம் நடக்கிறது. ஊர் வரி போடுகிறது, அம்மன் பார்க்கிறாள், ஜனங்கள் பாய் போட்டு உட்கார்ந்து கேட்கிறார்கள். ராஜா இல்லாத கொங்கு நாட்டில் எது வழக்கமோ, அதுவே கடைசியில் எல்லா நாட்டுக்கும் வழக்கமாகிவிட்டது.

ஆகவே கொங்கு நாட்டில் நாடகம் இல்லை என்று இனி யாராவது சொன்னால், அவரைக் கையோடு பேரூருக்கு அழைத்துக்கொண்டு போங்கள். கனகசபைத் தூண்களை முதலில் காட்டுங்கள். நாயக்கர் செய்த தர்மம், பார்க்கத்தான் வேண்டும். பிறகு அந்த நந்தியின் முகத்தையும் காட்டுங்கள். மண்வெட்டி பிடித்த கையால் சாமியே அடித்த அடி அது என்று சொல்லுங்கள். அடி வாங்கிய குற்றம் என்ன என்று கேட்பார். வயலில் நிற்கிற உழவன் யார் என்று காட்டிக் கொடுத்ததுதான் என்று சொல்லுங்கள்.